பதினாலாம் தேதி வரைக்கும்

பல்லடம்
1-9-2025, திங்கள் இரவு

சின்னம்மாவுக்கு,

நான் லோகப்பிரியா. உங்கள் அக்காவின் இரண்டாவது மகள். நீங்கள் யூனுஸ் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது எனக்கு ஏழு வயது. இப்போது பதினொன்றாம் வகுப்பு. சித்தப்பா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன். அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும்.

உங்கள் கிளினிக் விலாசத்தைத் தையல்கடை பாவாத்தாள் அக்காவிடம் வாங்கினேன். பதிலை அவர் கடைக்கே அனுப்புங்கள், உறையின் மேல் என் பெயர் வேண்டாம். "கடுதாசின்னா வாங்கி வெக்கறேன் கண்ணு. போன் மட்டும் என்ரதுல பேசாத. இந்தக் கடை உங்கப்பாவுது. நாளைக்கே காலி பண்ணுன்னு சொல்லிப்போடுவாரு" என்றார். எனக்குப் போன் இல்லை. அம்மாவின் போனை அப்பா தினமும் வாங்கி யார் யாரிடம் பேசினார் என்று பார்க்கிறார். புவனாக்காவுக்கு வரன் அமைந்ததிலிருந்து அப்படித்தான்.

அம்மாவுக்கு வாய்ப்புண் வந்திருக்கிறது. போன புதன்கிழமை ஆரம்பித்தது. முதலில் சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துவிட்டதாகச் சொன்னார். இப்போது வாய் முழுவதும் இருக்கிறது. சோறு இறங்கவில்லை. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், நெய் எல்லாம் ஆயிற்று. மருந்துக்கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள், தடவினால் இன்னும் எரிகிறது என்கிறார். "சூடு. எண்ணெ தேச்சுக் குளிச்சாச் செரியாப் போவும்" என்று அப்பா சொன்னார். தேய்த்துக் குளித்தார். சரியாகவில்லை.

வருகிற பதினான்காம் தேதி அக்காவுக்கு நிச்சயம். அதுவரை டாக்டரிடம் போகக் கூடாது என்று வீட்டில் முடிவு. அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். சொல்கிறார் என்று எழுதுகிறேன், உண்மையில் கையைத்தான் ஆட்டுகிறார். பேசினால் வலிக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு இருக்கிறது, ஆறாத வாய்ப்புண் புற்றுநோயாக இருக்கலாம் என்று. தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். அம்மாவுக்கு அதுவா? நீங்கள் பல் டாக்டர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதை எழுதலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பின்னால் குடோனில் தறி ஓடுகிற சத்தம் இருக்கும்வரைதான் எழுத முடியும். நின்றால் அப்பா உள்ளே வந்துவிடுவார்.

லோகப்பிரியா



கணபதி, கோவை
3-9-2025

லோகப்பிரியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டேன். மதியம் சாப்பிட்டு வந்து எடுத்தேன்.

ஒன்பது வருஷம். என் அப்பா செத்ததை மூன்றாம் நாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் அம்மாவிடம் என் நம்பர் இருந்தது. அழைத்து வாசலில் நிறுத்தியிருந்தாலும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்காதவளுக்கு இன்றைக்கு வாயில் புண். படித்தவுடன் எனக்குத் தோன்றியது இதுதான். நல்ல நினைப்பு இல்லை. ஆனாலும் உன்னிடம் மறைக்கவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். பத்து நாளுக்குள் வந்து, வாய் முழுக்க, வலியோடு இருக்கிற புண் பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. நாங்கள் பயப்படுவது ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் கிடக்கிற ஒற்றைப் புண்ணுக்கு. அதில் பல சமயம் வலியே இருக்காது. தொட்டால் ஓரம் தடித்துக் கெட்டியாக இருக்கும். அந்த போர்டைப் பார்த்துப் பயந்தது போதும்.

ஆனால் வேறு எதுவென்று பார்க்காமல் சொல்ல முடியாது. வாய்ப்புண் என்பது நோயின் பெயர் இல்லை கண்ணு, ஜுரம் மாதிரி. உடைந்த பல் குத்தினாலும் வரும், ரத்தசோகையிலும் வரும், தூக்கமும் நிம்மதியும் கெட்டாலும் சிலருக்கு வரும், குடலில் கோளாறு இருந்தாலும் வரும். சிலருக்குச் சின்ன வயதிலிருந்தே மாதம் ஒருமுறை வந்து தானாகப் போகும். உன் அம்மாவுக்கு அப்படி வந்ததில்லை. இருபது வருஷம் ஒரே பாயில் படுத்தவள் நான், எனக்குத் தெரியும்.

அதனால் எனக்காக நீ பார். பகல் வெளிச்சத்தில், ஜன்னலுக்கு நேராக உட்கார வை. டார்ச் வேண்டும், கன்னத்தை ஒதுக்க ஸ்பூன் காம்பு போதும். உதட்டின் உள்பக்கம், இரண்டு கன்னம், ஈறு, மேல் அண்ணம், நாக்கைத் தூக்கி அதன் அடிப்பக்கம். எத்தனை புண், எவ்வளவு பெரியது, நடுவில் என்ன நிறம், சுற்றிலும் சிவப்பு இருக்கிறதா. ஈறில் ரத்தம் வருகிறதா. தாடைக்குக் கீழே விரல் வைத்து உருட்டிப் பார், கட்டி தட்டுப்படுகிறதா. பிறகு கேள். ஜுரம் உண்டா, கண் சிவந்ததா, உடம்பில் வேறு எங்காவது புண்ணோ தடிப்போ வந்ததா, மூட்டு வலி உண்டா, எடை குறைந்ததா. வெற்றிலை பாக்கு போட ஆரம்பித்திருக்கிறாளா.

கடைசியாக, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள். ஒன்றுவிடாமல் எழுது. வலி மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும். நீ எழுத யோசிக்கிற விஷயம் எதுவென்று எனக்குத் தெரியாது. அது இதுவாக இருந்தால் யோசிக்காதே.

என் நம்பர் கீழே இருக்கிறது. எங்கிருந்தாவது கூப்பிடு. அது முடியாது என்றால் எழுது, கூரியரில் அனுப்பு.

சாந்தாமணி



பல்லடம்
4-9-2025, வியாழன்

சின்னம்மாவுக்கு,

இன்று அரை நாள் லீவு போட்டேன். அப்பா நூல் எடுக்க சோமனூர் போயிருந்தார். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துப் பார்த்தேன். "ஏன்டி, சந்தைல ஆட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாக்கற" என்றார். சிரிக்கப் பார்த்தார், உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் சைகைதான்.

கணக்கு வைக்க முடியவில்லை. இடது கன்னத்தில் ஏழு வரை எண்ணினேன், அதற்கு மேல் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு படலம், சுற்றிலும் சிவப்பு. நாக்கின் அடியிலும் இருக்கிறது, அண்ணத்தில் மூன்று. ஈறைத் தொட்டதும் ரத்தம். கட்டி தட்டுப்படவில்லை. கண் சிவக்கவில்லை. நேற்றுச் சாயந்திரம் லேசாக உடம்பு சுட்டது. முழங்கைக்கு மேல் நீலமாக ஒரு கன்றல், எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லையாம். ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது. வெற்றிலை போடுவதில்லை.

மூட்டு வலி உண்டு. அதுதான் நான் எழுத யோசித்தது.

அம்மாவுக்கு ஒரு வருஷமாக முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது. கோயமுத்தூரில் காட்டினோம், மாத்திரை கொடுத்தார்கள். இது வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் "தாய்க்கு இருக்கறது நாளைக்கு மகளுக்கும் வரும்" என்று சொல்லி அக்காவைக் கட்டமாட்டார்கள் என்று அப்பா சொன்னார். பல்லடத்துக் கடையில் வாங்கினால் பேச்சு வரும் என்று ஆறு மாத மாத்திரையைக் கோவையிலேயே மொத்தமாக வாங்கி வந்துவிடுவார்.

மாத்திரை இரண்டு விதம். ஒன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு. இன்னொன்று மற்ற ஆறு நாளும் ஒவ்வொன்று. இரண்டும் மஞ்சள், இரண்டும் சின்னது.

ஆவணி ஒன்றாம் தேதி மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகச் சமையலறைக்குள் வந்து பிரிட்ஜைத் திறந்து பார்ப்பாராம், புரோக்கர் சொல்லியிருந்தார். "மாத்தர அட்ட ஒண்ணு கண்ணுல படக் கூடாது" என்றார் அப்பா. அம்மாவால் அட்டையை அழுத்தி மாத்திரை எடுக்க முடியாது, அதனால் என்னை உட்காரவைத்தார்கள். எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து எடுத்து இரண்டு விபூதி டப்பாவில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்தோம். அங்கே யாரும் கை வைக்கமாட்டார்கள் அல்லவா. முருகன் படம் போட்ட டப்பா ஞாயிற்றுக்கிழமைக்கு, படம் இல்லாதது தினமும். நான் தட்டில் இரண்டு குவியலாகத்தான் வைத்திருந்தேன். அதற்குள் கார் வந்துவிட்டது, அக்கா பலகாரம் வைக்க அந்தத் தட்டைக் கேட்டாள், அவசரமாக டப்பாவில் கொட்டினேன். எந்தக் குவியலை எதில் கொட்டினேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. அட்டைகளை அப்பா குடோனுக்குப் பின்னால் எரித்துவிட்டார்.

ஆவணி ஒன்று ஆகஸ்ட் பதினேழு. புண் வந்தது இருபத்தேழு. இதை எண்ணி எண்ணித்தான் தூங்காமல் இருக்கிறேன். அப்பாவிடம் போய் "மாத்திரை மாறியிருக்குமோ" என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் செரியாத்தான் இருக்கும், வாய வெச்சுட்டுச் சும்மா இரு" என்றார்.

இரண்டு டப்பாவிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை எடுத்து இந்தக் காகிதத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கீழே எழுதியிருக்கிறேன், எது தினமும், எது ஞாயிறு என்று. வலிக்காக ஒரு மாத்திரையும் மருந்துக்கடையில் வாங்கிப் போடுகிறார், நாளைக்கு இரண்டு.

நான் செய்ததா சின்னம்மா? உடனே எழுதுங்கள்.

லோகப்பிரியா



பல்லடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து
6-9-2025, சனி மாலை

லோகா,

மிலாது நபி விடுமுறையில் கூரியர் வரவில்லை. இன்று மதியம் பன்னிரண்டரைக்குத்தான் உன் கடிதம் கைக்குக் கிடைத்தது. ஒரு மணிக்கு மருந்துக்கடையில் இரண்டு மாத்திரையையும் காட்டினேன். ஒன்றரைக்கு பஸ் ஏறினேன்.

மாறித்தான் இருக்கிறது. நீ 'தினமும்' என்று எழுதியிருப்பதுதான் வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டியது. மீத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு நல்ல மருந்து, வாரம் ஒருநாள் சாப்பிட்டால். உடம்பில் வேகமாக வளர்கிற இடங்களை அது அடக்கும். வாயின் உள்தோல் ரொம்ப வேகமாக வளர்வது, அதனால் முதலில் அங்கே தெரியும். அடுத்தது ரத்தம். அந்தக் கன்றலும் ஈறில் வடிகிற ரத்தமும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை அவள் நாலு போட்டுக்கொண்டதுதான் வெறும் சத்து மாத்திரை. கூடவே வலி மாத்திரை, தண்ணீர்கூடச் சரியாக இறங்காத உடம்பு. மருந்து வெளியே போகவும் வழியில்லாமல் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

இதைப் படித்த நிமிஷத்திலிருந்து இரண்டு டப்பாவிலும் ஒன்றுகூடக் கொடுக்காதே. வலி மாத்திரையும் வேண்டாம். படித்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். போனதும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு மாற்று மருந்து இருக்கிறது. பெயரைச் சொல்லாவிட்டால் அதைக் கொடுக்க யாருக்கும் தோன்றாது.

இதையெல்லாம் உன் அப்பாவிடம் சொல்லத்தான் வந்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலத்தில் என்னை 'வா கண்ணு' என்று கூப்பிட்டுக் காலேஜ் பீஸ் கட்டிய மாமா.

"ஏனுங்க டாக்டர், ஆரப் பாக்கோணுமுங்க?"

"அக்காவப் பாக்கோணும் மாமா. ஒடம்பு செரியில்லன்னு கேள்விப்பட்டேன்."

"ஆருங்க சொன்னாங்க?"

"எங்கிட்ட வைத்தியத்துக்கு வர்ற பல்லடத்துக்காரங்க." உன் பெயரை நான் சொல்லவில்லை.

"தப்பாச் சொல்லியிருக்காங்கங்க. எங்கூட்டுல பதினாலாந்தேதி வரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாதுங்க."

"மாமா, அவ சாப்புடற மஞ்ச மாத்தரைய மட்டும் நிறுத்துங்க. உசிருக்கே ஆபத்து."

"எந்த மாத்தரைங்க? எங்கூட்டுல மாத்தரையே இல்லீங்களே. வெயிலா இருக்குது, பாத்துப் போங்க. தண்ணி கிண்ணி வேணுங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து கத்தியிருக்க வேண்டும். நூற்றெட்டுக்கு போன் செய்திருக்க வேண்டும். அந்த 'ஏனுங்க டாக்டர்' என்பதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, திரும்பி நடந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று புரிகிறது. இப்போது திரும்பிப் போனால் கேட்டே திறக்காது. பாவாத்தாளிடம் இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாளைக்குக் காலையில் ஜாக்கெட் வாங்குகிற சாக்கில் நீ வருவாய் என்றாள்.

நீ செய்ததா என்று கேட்டிருக்கிறாய். அட்டையில் பெயர் இருந்தது. அதை எரித்தது நீ இல்லை.

சாந்தாமணி



கோவை, ஆஸ்பத்திரி
8-9-2025, திங்கள்

சின்னம்மாவுக்கு,

உங்கள் கடிதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது. அதற்குள் அம்மாவுக்கு ஜுரம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. படித்ததும் அதை நேராக அப்பாவிடமே கொடுத்தேன். பயத்தில் வேறு வழி தெரியவில்லை. அவர் முழுதும் படித்தார். "கலியாணத்தக் கெடுக்கோணும்னே எழுதியிருக்கா" என்று கிழித்துப் போட்டார். நம்பர் இருந்த உங்கள் முதல் கடிதமும் அதோடு மடித்திருந்தது, அதுவும் போயிற்று. எனக்கு ஒன்றும் அடி விழவில்லை. "நீயா எழுதுன?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் டப்பா இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் குடோன் சாக்கடையில் கொட்டினார். நான் பார்த்தேன். அப்படியானால் அவர் நம்பியிருக்கிறார் இல்லையா?

மாப்பிள்ளை வீட்டுக்கு அம்மாவுக்கு ஜுரம் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. "எங்க புள்ளை கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில பெரிய நர்சுங்க, அங்கயே கூட்டிட்டு வந்துருங்க, நல்லாப் பாத்துக்குவாங்க" என்று அவர்களே போன் செய்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நேற்று இரவு இங்கே சேர்த்தோம். அந்த நர்ஸ் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா மகள். எந்நேரமும் கூடவே இருக்கிறார், ரொம்ப அன்பாகத்தான் இருக்கிறார்.

ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணு, பிளேட்லெட் எல்லாம் ரொம்பக் குறைவாம். டெங்கு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். டெஸ்டில் வரவில்லை, நாளைக்கு இன்னொருமுறை பார்ப்பார்களாம். அப்பா எல்லாருக்கும் போன் செய்து டெங்கு என்று சொல்லிவிட்டார். அக்கா அழுகையை நிறுத்தினாள். டெங்கு என்றால் யாருக்கும் வரலாம், அதில் அவமானம் இல்லை.

காலையில் டாக்டர் வந்தார். சின்ன வயசுக்காரர். அம்மாவின் வாயைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். "டெங்குக்கு இவ்வளவு புண்ணு வராதுங்களே. வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். அந்த நர்ஸ் எழுதுவதற்குப் பேனாவோடு பக்கத்தில் நின்றார். அப்பா சொன்னார், "ஒண்ணுமில்லீங்க. சத்து மாத்தரதானுங்க."

டாக்டர் என்னையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு வராந்தாவில் அப்பாவிடம் போய், "சொல்லிரலாம்ங்கப்பா" என்றேன். நேற்றிலிருந்து முதல்முறையாக என்னிடம் பேசினார். "மாத்தரையத்தான் நிறுத்திப்போட்டமல்ல? அப்பறம் எதுக்குச் சொல்லோணும்? இன்னும் ஆறே நாளு. அதுக்கு மேல ஊரெல்லாம் தெரிஞ்சாலும் பரவால்ல." அவர் அழுதுகொண்டேதான் இதைச் சொன்னார். அவருக்கு அம்மா வேண்டாம் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறார்.

போதுமா சின்னம்மா? உங்கள் கடிதத்தில் மாற்று மருந்து என்று ஒன்று படித்தேன். பெயர் இல்லை. அம்மா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். ஒரு வேளைக்கு ஒருத்தர்தான் உள்ளே போக முடியும். மதியம் போனபோது அவருக்கு என்னைத் தெரிந்தது. வாயில் ஏதோ ஊதா மருந்து தடவியிருந்தார்கள். ஏதோ சொல்லப் பார்த்தார், ரத்தமும் எச்சிலும்தான் வந்தது. நான் துடைத்தேன்.

எதிரில் கூரியர் கடை இருக்கிறது. பக்கத்தில் யாரிடமாவது போன் கேட்கலாம் என்றால் உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. நாளைக்கு உங்கள் கையில் கிடைத்துவிடும் என்றார் கடைக்காரர். நாளைக்குள் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

லோகப்பிரியா



கணபதி
9-9-2025, செவ்வாய்

லோகா,

உன் கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. சேரில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். யூனுஸ் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து வண்டியில் கொண்டுபோய் இறக்கினார். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

அந்தச் சின்ன டாக்டர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மீத்தோட்ரெக்சேட்தானேங்க? நேத்து ராத்திரியே பொண்ணு வந்து சொல்லிப்போடுச்சுங்க. மாற்று மருந்து பன்னெண்டு மணிக்கே ஆரம்பிச்சாச்சு" என்றார். எந்தப் பெண் என்று கேட்டேன். "ஸ்கூல் பொண்ணுங்க. நர்சிங் ஸ்டேஷன்ல எல்லாரும் இருக்கறப்ப வந்து நின்னு, மாத்திரை பேரச் சொல்லி, எத்தன நாளு, எத்தனைன்னு கணக்காச் சொல்லுச்சு. நாந்தான் மாத்திப் போட்டேன்னு சொல்லுச்சு. அந்த நர்சம்மா எழுதிக்கிட்டாங்க."

நர்சம்மா எழுதிக்கொண்டார். அவர் இருக்கும்போதா சொன்னாய்? அவர் சாப்பிடப் போகும்வரை காத்திருந்திருக்கலாம் என்று உனக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? காத்திருக்கவில்லை. நான் சனிக்கிழமையே அந்த கேட்டில் செய்திருக்க வேண்டியதைப் பதினாறு வயசுப் பெண் செய்திருக்கிறாய்.

இன்னும் ஆபத்து நீங்கவில்லை என்றார். மூன்று நாள் போக வேண்டும் என்றார். நேற்றுக் காலையில் கேட்டபோதே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தார். நான் மேலே கேட்கவில்லை, நீயும் யாரிடமும் கேட்காதே. நோய் விவரம் கேட்டு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் போன புதன்கிழமையே நான் பல்லடம் வந்திருந்தால் என்பதும் அதே கணக்குதான்.

உன்னைக் காலையிலேயே ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். உன் அப்பா வராந்தாவில் இருந்தார். என்னைப் பார்த்தார். இந்த முறை ஏனுங்க டாக்டர் என்றும் சொல்லவில்லை, எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஐ.சி.யூ. கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷத்தில் தலை இவ்வளவு நரைத்திருக்கும் என்று நினைக்கவில்லை. உள்ளே போகவில்லை. அவள் கண் திறந்து என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதைத் தாங்க எனக்கு இன்றைக்குத் தெம்பு இல்லை.

நம்பரை மறுபடியும் எழுதியிருக்கிறேன். இதை மனப்பாடம் செய்துவிட்டுக் காகிதத்தை எரித்துவிடு.

சின்னம்மா



பல்லடம்
28-9-2025, ஞாயிறு

சின்னம்மாவுக்கு,

இருபது நாளாக எழுதவில்லை. எழுதுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அம்மா பிழைத்துவிட்டார். வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரிக்கு நீங்கள் தினமும் போன் செய்தீர்கள் என்று அந்தச் சின்ன டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். 

பதினான்காம் தேதி நிச்சயம் நடக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோபமாக எதுவும் பேசவில்லை. "ஜாதகத்த இன்னொருக்கா பாக்கோணும்னு ஜோசியர் சொல்றாருங்க, நீங்க வேற எடம் வந்தாப் பாருங்க" என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். தைத்து வாங்கிய ஜாக்கெட்டுகளைப் புவனாக்கா பீரோவுக்கு அடியில் திணித்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. ஒரே அறையில்தான் படுக்கிறோம்.

யார் பார்க்க வந்தாலும் அப்பா என்னைக் கைகாட்டுகிறார். "இவதானுங்க மாத்தரைய மாத்திப் போட்டது." வந்தவர்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாவம், கொழந்த, தெரியாமச் செஞ்சுபோட்டா" என்கிறார்கள். அட்டையைப் பற்றி அவர் சொல்வதில்லை. நானும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் நான்தான் என்று சொன்னதும் நான்தானே. அப்படிச் சொன்னால்தான் சீக்கிரம் நம்புவார்கள் என்று அன்றைக்குத் தோன்றியது.

அம்மா முதல் இரண்டு நாள் கஞ்சி மட்டும் குடித்தார். நேற்று இட்லி சாப்பிட்டார், சட்னி இல்லாமல். வாய் நன்றாக ஆறியிருக்கிறது. இவ்வளவு நாளும் சைகைதான், இல்லாவிட்டால் ஒற்றை வார்த்தை. முழு வாக்கியமாக எப்போது பேசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். முதலில் என்ன சொல்வார் என்று நானாகவே எத்தனையோ விதமாக நினைத்துவைத்திருந்தேன். உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று காலையில் அப்பாவும் அக்காவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். கொத்துக் கொத்தாக முடி உதிர்கிறது, அது சரியாகிவிடுமாம். அப்போதுதான் பேசினார். குரல் பழைய மாதிரியே இருந்தது.

"நீ சொல்லாம இருந்திருந்தா புவனாளுக்கு நிச்சயமாயிருக்கும்."

எனக்கு முதலில் புரியவில்லை. "நீங்க செத்துப் போயிருப்பீங்கம்மா" என்றேன்.

"பதினாலாந்தேதி வரைக்கும் தாங்கியிருப்பேன்."

"டாக்டர் ரெண்டு நாள்கூடத் தாங்காதுன்னு சொன்னாருங்கம்மா."

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் சின்னம்மா, நாள் எண்ணிப் பார்க்கிற மாதிரி. பிறகு, "தாயில்லாப் புள்ளைன்னு எரக்கப்பட்டாவது கட்டியிருப்பாங்க" என்றார்.

சீப்பு என் கையிலேயே இருந்தது. நான் அழவில்லை. உங்களை மாதிரி எனக்கும் உடம்பெல்லாம் எரிந்தது, எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை. பாதித் தலைதான் வாரியிருந்தேன். மீதியையும் வாரிப் பின்னி முடித்தேன்.  பிறகு அவர் பசிக்கிறது என்றார். இட்லி வைத்தேன். மூன்று சாப்பிட்டார்.

நான்காவது வைக்கட்டுமா என்று கேட்டேன். வை என்றார்.

லோகப்பிரியா